பூட்டுக்கு எண்ணெய் விட்ட ஜெகதீஸ்வரி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஜெகதீஸ்வரியின் வீட்டுக்குக் கீழே ஒரு கராஜ் இருக்கிறது. காணி நாலே பேர்ச், உள்ளங்கை அளவு. ஆகவே வீடு மேலே, கராஜ் கீழே, நடுவில் பத்தொன்பது படிகள். அந்தக் கராஜில் கார் நின்றதை அயலில் ஒருவரும் கண்டதில்லை. நின்றதெல்லாம் வெளிநாடு. கனடா ஒரு மூலையில், இலண்டன் ஒரு மூலையில், அவுஸ்திரேலியா சுவரோடு சாய்த்தபடி.

விமானம் ஏறும் நம் சனத்துக்கு ஒரு பழக்கம். நிறைக்குள் அடங்காததை எறிய மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். கொழும்பில் தங்கிவிட்ட சொந்தக்காரரிடம், "சும்மா வைச்சிருங்கோ, வந்து எடுக்கிறன்" என்று தள்ளிவிட்டுப் போவார்கள். பெட்டியைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டுபோவார்கள். பெட்டி வெள்ளவத்தையில், திறப்பு கனடாவில் ஸ்காபரோவில். சொந்தத்தின் மீது அவ்வளவு நம்பிக்கை.

முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் கோப்புகளோடு வாழ்ந்த ஜெகதீஸ்வரி, வந்தவை எல்லாவற்றுக்கும் பெயர், நாடு, திகதி எழுதித் துண்டு ஒட்டினார். மருமகள் உஷாந்தியின் கல்யாணத்தில் மிஞ்சிய நூற்று நாற்பது குங்குமச் சிமிழ்களுக்கு ஒரு துண்டு. ஒன்றுவிட்ட தங்கை ஹம்சிகாவின் பிள்ளை நடை பழகிய வண்டிலுக்கு ஒரு துண்டு. அந்தப் பிள்ளை இப்போது மெல்பேர்னில் கார் ஓட்டுகிறது. நடுவில் ராசா மாதிரி, கணவரின் கனடாத் தம்பி குகநேசனின் தகர டிரங்குப் பெட்டி. அதன் பூட்டுத் துருப்பிடிக்காமல் இருக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை தையல் மெசின் எண்ணெய் விட்டார். வெள்ளம் வந்த வருடம் கராஜில் வைத்திருந்த வீட்டு அரிசி மூட்டை நனைந்தது. பெட்டி நனையவில்லை.

இந்த வருடம் தை மாதம் கணவர் நாகேந்திரத்துக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. கிளினிக் நாட்களில் இரண்டு முச்சக்கரவண்டிக்காரர் அவரைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். ஒருநாள் பதினோராவது படியில் கதிரை சறுக்கியது. விழவில்லை. ஆனால் அதோடு மனுசன், "இனி நான் இறங்கேல்லை" என்றுவிட்டார். கிளினிக்கும் நின்றது. கட்டிலில் இருந்து பார்த்தால் பக்கத்து அடுக்குமாடியின் தண்ணீர்த் தாங்கி தெரியும். கடல் நூறு மீற்றர் தூரத்தில்.

கராஜை அறையாக்கினால் சக்கர நாற்காலியில் நேரே ரோட்டுக்குப் போகலாம். மேசன் ரொஷான் பாஸ் சனிக்கிழமை தொடங்கச் சம்மதித்தார். இடம் காலியில்லை என்றால் நுகேகொடை வேலைக்குப் போய்விடுவார், பிறகு மூன்று மாதம் ஆளைப் பிடிக்கேலாது.

ஜெகதீஸ்வரி குடும்ப வட்சப் குழுவில் எழுதினார்: "வெள்ளிக்கு முன் அவரவர் சாமானை எடுப்பிக்கவும்."

நாற்பத்தொரு பேர் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். லொறி ஒருவரும் அனுப்பவில்லை. "அண்ணாவுக்காகப் பிரார்த்திக்கிறோம், என்ர சிமிழைக் குடுத்துடாதேங்கோ மாமி" என்று உஷாந்தி ஒரே வசனத்தில் இரண்டு அலுவலையும் முடித்தாள். பதற்றத்தில் மாமா அண்ணாவாகிவிட்டார். குகநேசன் அழைப்பே எடுத்தார்.

"அண்ணி, மற்றதை என்னவும் செய்யுங்கோ. என்ர பெட்டியை மட்டும் இருந்த இடத்தை விட்டு அரக்காதேங்கோ. முக்கியமான சாமான்."

"என்ன சாமான் குகன்?"

"அதெல்லாம் போனில கதைக்கேலாது."

மேலே கட்டிலில் கிடந்த நாகேந்திரமும், கோணிய வாயால், "தம்பியின்ர பெட்டி... கவனம்" என்றார். யாருக்காக இந்தப் பாடு என்று ஜெகதீஸ்வரிக்கு வந்த ஆத்திரத்தில், அன்றைய புட்டு கல்லாக வந்தது.

வெள்ளி காலை பழைய போத்தல் பேப்பர் வாங்கும் காளியப்பன் தள்ளுவண்டியோடு வந்தார். மத்தியானத்துக்குள் இலண்டனும் அவுஸ்திரேலியாவும் வண்டியேறின. ஜெகதீஸ்வரி தானே சேர்த்த ஐஸ்கிறீம் டப்பாக்கள் இருநூறும் ஏறின. அவற்றுக்கு மட்டும் அவர் துண்டு ஒட்டியிருக்கவில்லை.

கடைசியில் டிரங்கு. காளியப்பன் ஒரு முனையைத் தூக்கி, சாய்த்து, காது கொடுத்தார்.

"அம்மா, இது சாமான் சத்தம் இல்லீங்க. கல்லு சத்தம்."

"உமக்கென்ன தெரியும்? முக்கியமான சாமான் கிடக்கு."

"இருவது வருசமா பொட்டி தூக்குறேங்கம்மா. துணி ஒரு மாதிரி உருளும், பாத்திரம் ஒரு மாதிரி. இது கல்லுதாங்க."

ஜெகதீஸ்வரி போனை எடுத்து வீடியோவில் குகநேசனை அழைத்தார். அங்கே ஆள் கம்பளிக்குள் கிடந்தார். பெட்டி தெரியும்படி போனைக் காளியப்பனிடம் கொடுத்து, மேசன் முதல் நாளே கொண்டுவந்து சாத்தியிருந்த அலவாங்குக் கம்பியைக் கையில் எடுத்தார்.

"அண்ணி! அண்ணி, என்ன செய்யிறியள்?"

எண்ணெய் விட்டு வளர்த்த பூட்டு, மூன்று போடு போட்ட பிறகே உடைந்தது. உள்ளே ஒரு கனடாப் பேப்பர். அதன்மேல் எட்டுச் செங்கல்.

குகநேசன் கம்பளியை விலக்கிவிட்டு எழும்பி உட்கார்ந்தார்.

"அது... அண்டைக்கு நான் வந்தனான் எல்லே அண்ணி, ஏழெட்டு வருசத்துக்கு முதல். அப்ப சாமானை எடுத்திட்டன். நாளைக்குத் திரும்பி வந்தா எங்களுக்கும் அங்க ஒரு இடம் இருக்கோணுமெண்டு..."

"செங்கல் ஏன்?"

"வெறும் பெட்டியெண்டா அரக்கிப்போடுவியள்."

பஸ்ஸில் முகம் துடைக்கும் லேஞ்சியைப் போட்டு சீட் பிடிப்பவர்களைக் கண்டிருக்கிறோம். லேஞ்சி போட்டவர் ஏறுவார் என்றாவது ஒரு நம்பிக்கை இருக்கும்.

"குகன், உம்மட அண்ணன் அஞ்சு மாசமாத் தண்ணித் தாங்கியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். நான் உம்மட கல்லுக்கு எண்ணெய் விட்டனான். வெள்ளத்தில என்ர அரிசியை விட்டிட்டு உம்மட கல்லைத் தூக்கினனான். நீர் அங்கேயே இரும். உமக்கு இஞ்ச இடமில்லை!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. காளியப்பன் போனைப் பெட்டிப் பக்கம் திருப்பியபடியே, "ஐயா, பொட்டிய எடுத்துக்கிறேங்க. தகரம் நல்லா இருக்கு" என்றார்.

சனிக்கிழமை வந்த ரொஷான் பாஸ், மூலையில் கிடந்த செங்கலை விரலால் தட்டிப் பார்த்தார். "நோனா, மே கடொல் ஹொந்தய்." நல்ல கல்லாம். வாசலில் சக்கர நாற்காலி இறங்கும் சரிவுக்கு எட்டையும் வைத்துக் கட்டினார்.

மூன்று வாரம் கழித்து நாகேந்திரத்தைக் கடைசித் தடவையாகக் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். சரிவில் உருட்டும்போது ஜெகதீஸ்வரி நாற்காலியை நிறுத்தினார்.

"இஞ்சருங்கோ, உங்கட தம்பியின்ர முக்கியமான சாமானுக்கு மேல நிக்கிறியள்."

மனுசன் குனிந்து பார்த்தார். பெட்டிக் கதை முழுவதும் அவருக்குத் தெரியும். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாசலுக்கு வந்ததும் வலக்கையால் நாற்காலிச் சில்லைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னொருக்கா," என்றார். "அந்தக் கல்லு மேல ஏத்தி இறக்கு."