பூனைக்கண்

என் பேத்தி பிறந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கண்கள் தேன் நிறத்தில் தெரிந்தன. அவளை மடியில் வைத்திருந்த என் அப்பா என்னிடம் கேட்டார்: "மாப்ள வூட்ல யாருக்குனா இந்தக் கண்ணு இருக்குதா?"

அந்தத் தொனி எனக்குப் பழக்கம். எனக்கு ஒன்பது வயதானபோது தம்பி இதே பூனைக்கண்ணோடு பிறந்தான். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அப்பா அவன் முகவாயை வெயிலுக்குத் திருப்பிப் பார்ப்பார். இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் அந்தக் கண் இல்லை. அம்மாவின் தாய்வீடு இருந்த சின்னசேலத்துக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டருக்கு இருந்தது.

ஒருமுறை அம்மாவோடு போய்வந்த என்னை அப்பா தனியாகக் கூப்பிட்டார்.

"டிக்கெட் குடுக்கசொல்ல அந்தாளு இன்னா பண்ணான்?"

"அம்மாவப் பாத்து சிரிச்சாருப்பா."

கண்டக்டர் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பவர். அதை நான் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அதன்பின் ஆறு வருடம் அப்பா அம்மாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை.

தம்பியின் கண்ணைப் பற்றி டாக்டர் ஒருவர் முன்பு எனக்கு விளக்கியதை இன்று அப்பாவிடம் சொன்னேன்.

"இந்த மரபணு வெளிய தெரியாம தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கும்பா. ரெண்டும் சேந்தா புள்ளைக்கு இந்தக் கண்ணு வரும். தம்பிக்குப் பாதி உங்ககிட்டருந்துதான் வந்துது."

அப்பா குழந்தையையே பார்த்தார். "அவன் எம்புள்ளதான்னு அப்ப எனக்கு யாரு சொன்னாங்க?" என்றார்.

"நான் சொன்னேன்," என்றாள் பக்கத்தில் நின்றிருந்த அம்மா. குழந்தையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.