அசனத்து இலையும் எட்டுக் கிலோவும்

அக்காவுக்கு என் சிறுநீரகம் பொருந்தும் என்று சோதனை சொன்னது. என் உடம்புதான் சரிப்படாது என்று மருத்துவர் சொன்னார். எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், அதுவரை அறுவை சிகிச்சை இல்லை என்றார். அக்காவோ வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்து வற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து என் தட்டு என்னுடையதாக இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் எங்கள் திருச்சபை. மனைவி சோற்றைக் கிண்ணத்தில் அளந்து போடுவாள். அவள் திரும்பின நேரம் பார்த்து மாமியார் இன்னொரு கரண்டி வைப்பார். "குடுக்கப் போற உடம்புல்லா, தெம்பு வேண்டாமா?" என்பார். பள்ளியில் ஆசிரியர் அறையில் நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு தலை எட்டிப் பார்க்கும். யாரையும் கடிந்துகொள்ள முடியாது, எல்லாருக்கும் நல்லெண்ணம். நல்லெண்ணத்துக்குள் மாட்டிக்கொண்டவன் யாரிடம் போய் முறையிடுவது?

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் என்றால் மதியம் வரை வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. சிறு வயதிலிருந்து பழகியது. எடை குறைப்பதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். காலையில் சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை. பதினொரு மணிக்கு நாக்கு ஒட்டும், தலை இடிக்கும், கரும்பலகையில் எழுத்து ஆடும். பசி கொல்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மதியம் கிண்ணமாவது அளவாவது, கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போகும்.

சபையின் அசனப் பண்டிகை அன்றும் அப்படித்தான். ஆராதனை முடிந்து இலையில் உட்காரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கவில்லை. ஊரே சேர்ந்து உண்ணும் அந்தச் சோற்றை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆட்டுக்கறி வாளியோடு வந்த அண்ணாச்சி, "நீரு நல்லா சாப்பிடணும் வே" என்று மூன்று முறை ஊற்றினார். மூன்றையும் வழித்துத் தின்றேன்.

மறுநாள் எடை பார்த்தேன். ஒரு மாதம் கஷ்டப்பட்டுக் குறைத்த ஒரு கிலோவும் திரும்பி வந்திருந்தது. வருத்தமாக இருந்தது. கூடவே ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்து எனக்கே அருவருப்பாகிவிட்டது.

எடை ஏறியதைச் சொல்ல அன்று காலையே, வழக்கம்போல் வாயில் எதுவும் படாமல், அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் அனுமதி. அதை மடியில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டையெல்லாம் கேட்டாள்.

"நாக்கு ஒட்டுதா? தலை வலிக்கா?"

"ஆமாக்கா. இப்பவும்தான்."

"அது பசி இல்லலே. தாகம். எனக்குத் தெரியாதா?"

அடுப்படிக்குப் பைய நடந்துபோய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் முன்னால் குடிக்க வெட்கமாக இருந்தது. குடித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. வரும்போது இருந்த பசியில் பாதியைக் காணவில்லை. மிடறு எண்ணிக் குடிக்கிறவளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது எனக்கு ஒரு மாதமாக விளங்கவில்லை.

செம்பை வாங்கி வைத்துவிட்டு அக்கா சொன்னாள்: "தம்பி, குடுக்கப் பயமா இருந்தா வாயால சொல்லிரு. தின்னு தின்னு சொல்லாத."

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுவதும் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.