இரகசியம் பேசத் தெரியாத பிள்ளை

பிள்ளை வளர்ப்பில் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது பயம்தான். மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது, தூக்கத்தில் மூச்சு வருகிறதா என்று பார்க்க மூக்கருகே விரலைக் கொண்டுபோவேன். அவள் விழித்து அலறுவாள். அந்த அலறலைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அடுத்துப் பிறந்த பையன் மூன்று வயதுக்குள் ஒரு புளியங்கொட்டையை மூக்குக்குள்ளும் ஒரு சட்டைப் பொத்தானை வயிற்றுக்குள்ளும் அனுப்பிவிட்டான். பொத்தான் வெளியே வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வேளை தவறாமல் சாப்பிட்டான்.

அவனால் முடியாத காரியம் ஒன்று உண்டு. மெதுவாகப் பேச வராது. இரகசியம் சொல்கிறேன் என்று என் காதில் இரண்டு கையையும் குவித்து வைத்து, தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கும்படி கத்துவான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் எதுவும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

அப்போது கொடகவெல கடைத்தெருவில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தேன். சுற்றியிருந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள்தான் வாடிக்கை. கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. பக்கத்தில் பாண், அதாவது ரொட்டி, சுடும் ஒரு சிங்களவரின் பேக்கரி. என் பிள்ளைகளுக்கு அவர் ‘பாண் மாமா’. அவருடைய பிள்ளைகளோடு எந்நேரமும் புழுதியில் புரண்டதில், சிங்களம் இவர்களுக்கு என்னைவிடச் சரளமாக வந்தது.

எழுபதுகளின் பிற்பாதி. மூன்றாவது பிரசவத்துக்காக மனைவி யட்டியாந்தோட்டைப் பக்கம், ரப்பர் தோட்டத்திலிருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் என் தலையில். ஆறு வயதுக்காரிக்கு நான் பின்னிய சடை, கயிறு திரித்தது போல ஒரு பக்கமாக நிற்கும். அவள் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அம்மா எப்ப வருவாங்க?” என்று மட்டும் கேட்பாள்.

அந்த வாரம்தான் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியது. அங்கே கடையை எரித்தார்கள், இங்கே தோட்டத்து லயத்து வீடுகளை உடைத்தார்கள் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நம் தெருவுக்கு வராது என்று நான் மூட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிற்பகல், பாண் மாமா மாவுக் கையோடு பின்கதவால் ஓடிவந்தார்.

“முதலாளி, பிள்ளைகளத் தூக்கு. ஆக்கள் பாலத்துக்கிட்ட வந்துட்டாங்க” என்று சிங்களத்தில் சொன்னார். அவரே பையனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பேக்கரியின் பின்னறையில் ரப்பர் விறகு கூரை முட்ட அடுக்கியிருந்தது. அதற்கும் பாண் சுடும் போறணையின் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி உட்காரலாம். நாங்கள் மூவரும் அதற்குள் போனோம். அவர் முன்பக்கம் விறகை அடுக்கி மூடினார். முதுகுக்குப் பின்னால் சுவர் கொதித்தது. பாண் வேகும் வாசனை வந்தது.

“அப்பா, பணிஸ்” என்று பன் கேட்டான் பையன், தன் வழக்கமான குரலில்.

“சத்தம் போடக்கூடாது சாமி. நாம ஒளிஞ்சு புடிச்சி விளையாடுறோம்” என்றேன்.

மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். “ஐயோ அப்பா, அதச் சொல்லாதீங்க. ஒளிஞ்சா இவன் கத்துவான்” என்று காதோடு சொன்னாள்.

அவள் சொன்னது சரி. ஒளிந்து விளையாடினால் இவன் கொஞ்ச நேரம்தான் பொறுப்பான். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் அவனுக்குக் கவலை வந்துவிடும். இருக்கிற இடத்தைத் தானே கத்திச் சொல்லிவிடுவான். தெருவே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறது. நானும் சிரித்திருக்கிறேன்.

அதற்குள் எங்கள் கடைப் பலகைகள் உடையும் சத்தம். பிறகு கண்ணாடி.

“நம்ம முட்டாய்ப் போத்தல்” என்றாள் மகள். அவள் என் விலாவோடு ஒட்டிக்கொண்டாள்.

காலடிகள் பேக்கரிக்குள் வந்தன. பக்கத்துக் கடைத் தமிழன் எங்கே என்று ஒருவன் கேட்டான். காலை பஸ்ஸிலேயே பெல்மதுளைக்குப் போய்விட்டான் என்றார் பாண் மாமா. அதன்பின் ஒரு பேச்சும் இல்லை. அந்த அமைதியைப் பையனால் தாங்க முடியவில்லை. என் கை அவன் வாயை எட்டுமுன், “மம மெத்தன!” என்று கூவிவிட்டான்.

நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். பாண் மாமாவின் பிள்ளைகளோடு விளையாடும்போது கத்துவதைத்தான் கத்தினான். விளையாட்டு அவனுக்குச் சிங்களத்தில்தான் வரும்.

அவன் வாயை இப்போது பொத்திப் பயனில்லை, ஆனாலும் பொத்தியிருந்தேன்.

பாண் மாமா சிரித்தார். “என் கடைக்குட்டி. ஒளிஞ்சு விளையாடுறானாம், அறிவைப் பாருங்க” என்றார். வெளியே நாலைந்து பேர் சிரித்தார்கள். “கத்தினா மாட்டிக்குவேன்னு சொல்லிக் குடு” என்றான் ஒருவன். அந்தச் சிரிப்பு, சாதாரணமாகப் பிள்ளை குட்டி உள்ளவர்கள் சிரிக்கும் சிரிப்பாகவே இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பாணை எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

இன்னும் ஆட்கள் வரலாம் என்று நான் கையை எடுக்கவில்லை. பையன் திமிறினான். மகள்தான் வழி கண்டுபிடித்தாள். “தம்பி, இப்ப நீதான் புடிக்கணும். கண்ண மூடிக்கிட்டு வாய்க்குள்ளயே நூறு எண்ணு.” ஏழுக்கு மேல் அவனுக்குத் தெரியாது. உதடு மட்டும் அசைய ஏழுவரை போய், மறுபடி ஒன்றுக்கு வந்து, அந்தச் சூட்டில் என் மடியிலேயே தூங்கிப்போனான்.

இருட்டிய பிறகு பாண் மாமா விறகை விலக்கினார். தெரு அடங்கும்வரை எங்களைத் தன் வீட்டு உள்ளறையில் வைத்திருந்து, மாவு லொறியில் ஏற்றி அனுப்பினார். கடையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

யட்டியாந்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெண் குழந்தை. எங்களைப் பார்த்ததும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு, “புள்ளைங்களுக்கு என்னங்க சாப்பாடு குடுத்தீங்க?” என்று கேட்டாள். மகள் கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாக, உரக்கச் சொல்லத் தொடங்கினாள். யார் காதிலாவது விழுமோ என்று நான் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த சிங்களப் பெண், பையனைக் கூப்பிட்டு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள்.