நத்தை வந்த வழி

என் செடிகளையெல்லாம் பிடுங்கி எரிக்கச் சொன்னார்கள். குரோட்டன், அந்தூரியம், அடுக்குச் செவ்வரத்தை என்று முற்றம் நிறையப் பூச்சாடி வைத்திருக்கிறேன். எங்கள் குறுகிய ஒழுங்கைத் தெரு முழுவதும் ஊர்கிற ஆபிரிக்க நத்தை அந்தச் சாடி மண்ணில்தான் வந்து இறங்கியது என்று சனசமூக நிலையத்தில் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். மழை தொடங்கினால் பப்பாசிக் கன்றும் மிஞ்சாது, கத்தரி நாற்றும் மிஞ்சாது. கோபம் நியாயம்தான். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?

கதையைத் தொடக்கியவர் என் மச்சாள், கணவரின் அக்கா. "கொடிகாமத்திலை இருந்து சாடி சாடியாக் கொண்டு வந்தவள். வேறை எப்பிடி வந்தது?" என்றாராம். கொடிகாமத்தில் பிறந்து மானிப்பாய்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருஷமாகிறது. இந்த ஒழுங்கைக்கு நான் இன்னும் வந்தவள்தான்.

"விடுமப்பா, நத்தைதானே," என்றார் கணவர்.

நான் விடவில்லை. பழைய கலண்டர் தாளொன்றைக் கிழித்து, பின்பக்கம் ஒழுங்கையைப் படமாகக் கீறினேன். வீடு வீடாகப் போய் ஒரே கேள்விதான் கேட்டேன்: முதல் நத்தையை எப்போது கண்டீர்கள்? வருஷம் ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு நன்மை தின்மை மறக்காது. ஒரு வீட்டில், மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் பந்தலுக்குள் நத்தை ஏறியதாம். இன்னொரு வீட்டில் ஐயா செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு கண்டார்களாம். எங்கள் வீட்டு வளவில் கண்டது அதற்கும் பிறகு, கிணறு இறைத்த அன்று. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு போகப் போக, முந்திக் கண்ட நத்தைகளெல்லாம் என் வீட்டை விட்டு விலகி ஒழுங்கையின் மற்ற முனைக்கு நகர்ந்தன. அங்கே கடைசி வீடு மச்சாளுடையது.

மச்சாள் ஒளிக்கத் தெரியாத மனுசி. கேட்டதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மகளின்ரை முதல் தீபாவளிக்கு வந்த மாப்பிளை கிணத்தடியிலை நத்தையைக் கண்டு கத்தின கத்திலை நாங்கள் பாம்பெண்டு ஓடினனாங்கள்."

கிணற்றடியில் நின்றது வாழை. எனக்கு உடனே மச்சாளின் மகளுடைய கலியாணம் நினைவுக்கு வந்தது. வாசலில் வெட்டிய வாழை கட்டக்கூடாது, பிள்ளை வாழையடி வாழையாக வாழவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, நீர்வேலியில் இருந்து மரத்தைக் கிழங்கோடும் மண்ணோடும் இறக்கியவர் மச்சாள். கலியாணம் முடிய அதைக் கிணற்றடியில் நட்டார். அதில் வெடித்த குட்டிகளை ராசியான வாழை என்று வீட்டுக்கொன்றாகக் கொடுத்தார். எனக்கும் ஒன்று தந்தார். நானும் பல்லிளித்துக்கொண்டு வாங்கி, சாடிகளுக்குப் பக்கத்திலேயே நட்டேன்.

அதோடும் நிற்கவில்லை. அடுத்த நாள் பஸ் பிடித்து நீர்வேலிக்குப் போய், மரம் கொடுத்த தோட்டக்காரரைத் தேடிப் பிடித்தேன். "ஓம், அப்பவே எங்கடை வாழைக்குள்ளை நத்தை கிடந்தது. ஒருத்தரும் கேக்கேல்லையே," என்றார்.

நான் நீர்வேலிக்குப் போன கதை காதில் விழுந்து, அன்று பின்னேரமே மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பிள்ளை அடுத்த மாதம் வெளிநாட்டிலை இருந்து வாறாள். கலியாண வாழையாலை வந்ததெண்டு சபையிலை சொல்லிப் போடாதை." எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என்னைச் சபையில்தானே சொன்னார்கள்? சொல்லுவேன் என்றேன்.

சொன்னேன். சனசமூக நிலையத்தின் அடுத்த கூட்டத்தில் கலண்டர் தாளை விரித்து, வீடு வீடாக, கிணற்றடி வரைக்கும் வாசித்தேன். வாசித்து முடிந்ததும் நிலையத் தலைவர், "சரி, ஆர் கொண்டு வந்தாலென்ன, எல்லாருமாச் சேந்து நத்தையைப் பொறுக்குவம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன கிழமை நானெண்டு நினைக்கேக்கை, ஆர் கொண்டு வந்தாலென்ன எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே? நத்தை என்னாலை வரேல்லை எண்டு முதல் இந்த இடத்திலையே சொல்லுங்கோ. பிறகு பொறுக்குவம்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கணவர் கண்ணால் கெஞ்சினார். நான் எழும்பவில்லை.

மச்சாள் நிலத்தைப் பார்த்தபடி, "உவளின்ரை சாடியாலை வரேல்லை," என்று முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை மச்சாள்."

இரண்டாந்தரம் எல்லாருக்கும் கேட்டது. நான் எழுந்து, நத்தையைப் போட்டுக் கொல்ல வைத்திருந்த உப்புத்தண்ணி வாளியைத் தூக்கினேன்.

"வாங்கோ," என்றேன். "உங்கடை கிணத்தடியிலை இருந்து தொடங்குவம்."