மூன்று இட்லி

"பேரு சொல்லுங்க மேடம்" என்று கேட்ட பிறகுதான் லூர்துசெல்வி ஊசியைக் கையில் எடுக்கிறார். அந்த மேடத்துக்கு ஐந்து வயது. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தபடி "கலைப்பிரியா" என்கிறாள். "கலைப்பிரியா மேடம், கைய நீட்டுங்க. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் பெரிய எறும்பு." குப்பியில் பெயர்ச்சீட்டை ஒட்டி, எழுத்து சரிதானா என்று, இன்னும் படிக்கத் தெரியாத அவளிடமே காட்டுகிறார்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார் லூர்துசெல்வி. வயது நாற்பத்திரண்டு. எங்கேயும் நரம்பு அகப்படாத கைகள் இவரிடம் வந்தால் அகப்பட்டுவிடும். மீன் விற்கும் பாஞ்சாலிக்கும் சரி, டாக்டருக்கும் சரி, இவரிடம் ஒரே 'ங்க'தான்.

இவரைப் பெயர் சொல்லி அழைக்காத ஒருவர் உண்டு: கிளியனூர் விருத்தாசலம். அவருடைய நிலத்தில்தான் லூர்துசெல்வியின் அப்பா மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கினார். அப்பா இறந்த பிறகு, இவரை விழுப்புரத்துக்கு அனுப்பி லேப் டெக்னீஷியன் படிக்க வைத்தவர் அவர். சர்க்கரை பார்க்க மாதம் ஒருமுறை வருவார். கையை நீட்டும்போதே காத்திருப்பவர்களிடம் சொல்வார்:

"நாம படிக்க வெச்ச பொண்ணு. பாவம், மாடு மேச்சிக்கினு இருந்திருக்கும். இப்ப பாரு, ஊசி போடுது!"

"ஆமாங்கய்யா" என்பார் லூர்துசெல்வி. அதில் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம்.

ரத்தம் கொடுக்க அடிக்கடி போகும் என்னிடம் ஒருநாள் சொன்னார்: "நன்றி இல்லாம இல்லீங்க. அவரு இல்லன்னா நான் இல்ல. வீடு கட்டி ஃபாதர் வந்து மந்திரிச்சப்போ கூப்டேன். வாழைத்தார் அனுப்பிச்சாரு, குத்துவிளக்கு அனுப்பிச்சாரு. அவரு வரல. கிறிஸ்துமஸுக்கும் வருஷா வருஷம் கூப்புட்றேன். 'நீ சாப்ட்டா நான் சாப்ட்ட மாதிரி'ன்னுடுவாரு. என் கையால ஒரு வாய் தண்ணி கூட வாங்குனதில்ல."

எதற்காக என்று லூர்துசெல்வியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் நான் காத்திருந்தபோது விருத்தாசலம் வந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தவர், வியர்த்துக் கொட்டிச் சரிந்தார். லூர்துசெல்வி தாங்கிப் பிடித்து உட்காரவைத்து, குளுக்கோஸைக் கரைத்துப் புகட்டினார். நடுக்கம் நின்றதும் தன் டிபன் பாக்ஸைத் திறந்து முன்னால் வைத்தார்.

"சாப்புடுங்கய்யா. இல்லன்னா திரும்ப மயக்கம் வந்துடும்."

பெரியவர் இட்லியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். மூன்று இட்லி. லூர்துசெல்வி சுவரில் சாய்ந்து, அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஆளைக் கூப்பிடவே மறந்துபோனார்.

மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போனேன். பெரியவரின் டிரைவர் சீனுவாசன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே புது எவர்சில்வர் பாத்திரங்கள். மேலே ஒரு பட்டுப்புடவை.

"ஐயா குடுத்துட்டு வரச் சொன்னாரு. நேத்து உங்ககிட்ட சாப்ட்டாராமே, அதுக்கு."

லூர்துசெல்வியின் முகம் சுண்டிப்போனது. பெட்டியை மூடினார். கையில் உறை மாட்டியிருந்ததால், மேசைமேல் இருந்த போனில் ஒரு விரலால் எண்ணைத் தட்டி ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயா, லூர்துசெல்வி பேசறேன். பெட்டிய திருப்பி அனுப்பறேன், கோச்சிக்காதீங்க. நீங்க எனக்கு எவ்வளவோ செஞ்சிட்டீங்க. இது மூணு இட்லிதான்யா. நான் குடுத்ததாவே இருந்துட்டுப் போவட்டும்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சீனுவாசன் தரையைப் பார்த்தார்.

"அந்த சட்னி..." என்றது பெரியவரின் குரல். "அதுல இன்னா போட்ட? வூட்ல கேட்டேன், யாருக்கும் சொல்லத் தெரியல."

லூர்துசெல்வி கையுறையைக் கழற்றினார். ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.