ஜெபசிங் ஏற்றுக்கொண்ட சூடு

ஜெபசிங் போய்விட்டான் என்று போன் வந்தபோது, "லீவு கேக்க அவனுக்கு வேற காரணம் கெடைக்கல்லியா?" என்று சிரித்தவன் நான். மறுமுனையில் பேசியது அவன் மனைவி மெர்சி.

எங்கள் டிரான்ஸ்பார்மர் பட்டறையில் இரும்புத் தகடு அடுக்குவது என் வேலை. அடுக்கியதில் கரண்ட் விட்டு, எவ்வளவு வீணாகிறது என்று மீட்டரில் பார்ப்பது அவன் வேலை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், இரும்பு ஏன் சூடாகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"எடே மக்கா, உள்ள காந்தம் செகண்டுக்கு அம்பது தடவ அங்கிட்டும் இங்கிட்டும் திரும்புது. மனசில்லாம திரும்புனா சூடாவும். ஒன்னைய ரேஷன் கடைக்கு அனுப்புனா நீ ஆவல்லியா?"

சூட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. இரும்புக்குள்ளேயே கரண்ட் சுற்றும். அதைத் தடுக்கத்தான் வார்னிஷ் பூசிய மெல்லிய தகடுகளாக அடுக்குகிறோம். எனக்கோ அடுக்கின் விளிம்பில் பிசிறு இருந்தால் பிடிக்காது. ஒருமுறை அரத்தை எடுத்து வழவழவென்று ராவிவிட்டேன். கண்ணாடி மாதிரி மின்னியது. ராவிய இடத்தில் வார்னிஷைத் தாண்டித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனது எனக்குத் தெரியவில்லை. கரண்ட் விட்டதும் மீட்டர் ஏறியது. தொட்டால் கை பொத்துப்போகும் சூடு.

"ஆரு செய்தது?" என்று முதலாளி கத்தினார். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று முந்தைய வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் ஜெபசிங் சொன்னான்: "நான்தான் முதலாளி. பிசிறு இருந்துது, ராவிட்டேன்."

அன்றோடு அவனை மீட்டரிலிருந்து எடுத்து டிரான்ஸ்பார்மர் தொட்டியில் எண்ணெய் நிரப்பப் போட்டார்கள். கடைசிவரை எண்ணெய்தான். ஊரையே கிண்டல் செய்யும் எனக்கு அதைப் பற்றிப் பேச மட்டும் வாய் வரவில்லை. "ஒன் வாய் ஒரு விஷயத்துலயாவது அடஞ்சு கெடக்கே, அது போதும்டே" என்பான்.

அடக்கம் முடிந்து, போதகரும் வந்திருந்த பாறசாலை வீட்டில் மெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவரு இருக்கப்பளே முதலாளிட்ட இதச் சொல்லியிருக்கலாமே, அண்ணே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவனோடு வேலை பார்த்தவர்களும் மற்றவர்களுமாக அவனுக்காக இங்கே கூடியிருக்கும் உங்களிடமும் சொல்கிறேன்: ராவியவன் நான். அவனுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது, எனக்காக அவன் சொன்ன அந்த ஒரு பொய்தான்.

மெர்சி வீட்டிலிருந்து அன்று அழுதபடியே பஸ் ஏறினேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பார்த்தபோது காலில் இருந்தது போதகரின் செருப்பு. அவருக்கு என்னைவிட இரண்டு சைஸ் பெரிய கால்.