வலைமுனையில் முனியனின் கால்கள்

ஒருவருடைய கால் குளிர்கிறதா இல்லையா என்று சொல்லும் உரிமை யாருக்கு? காலுக்குச் சொந்தக்காரருக்கா, அதைத் தொட்டுப் பார்க்கிறவருக்கா? வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் ஒன்றில் கரும்பு வெட்டியும் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கியும் பிழைப்பவர் முனியன். அவருடைய மனைவி ராஜாம்பாளுக்கு இந்தக் கேள்வி ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் வந்தது. ஊரே வெயிலில் வாடிக் கிடக்க, முனியன் மட்டும் காலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா இது கோலம்?"

"காலு ரெண்டும் சில்லுனு இருக்குது."

அவள் கம்பளியை விலக்கித் தொட்டாள். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. "வெளையாடறியா? கொதிக்குது."

"கொதிச்சா எனக்குத் தெரியாதா? காலு என்னுது."

அவள் கம்பளியைப் பிடுங்கி மடித்து வைத்தாள். அவர் அதை மறுபடி எடுத்துச் சுற்றிக்கொண்டார்.

முனியனைப் பெரிய வேட்டைக்காரர் என்று சொல்வதற்கில்லை. ஓட்டம் கிடையாது, குறி கிடையாது. அவருக்குத் தெரிந்தது அசையாமல் நிற்பது. காணும் பொங்கலன்று விடியற்காலையில் ஊர் ஆண்கள் மலையேறி முயல் வேட்டை ஆடுவது அந்த ஊரின் வழக்கம். இரண்டு பாறைகளுக்கு நடுவே வலை கட்டி, ஒருவர் வலைமுனையில் கயிற்றைப் பிடித்து நிற்பார். மற்றவர்கள் மேலிருந்து கூச்சல் போட்டு விரட்டிக்கொண்டு வருவார்கள். நிற்பவர் பாதத்தை அரை விரல் நகர்த்தினாலும் சருகு சத்தம் கேட்டு முயல் திரும்பிவிடும். சாமியின் இடம் என்பதால் காலில் எதுவும் போடக் கூடாது. முனியன் இருபத்திரண்டு வயதிலிருந்து அந்த இடத்தில் நின்றார். வருடத்தில் மற்ற நாட்களில் அவரை யாரும் தேடியதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் ஊர் அவருக்காகக் காத்திருக்கும்.

தை மாதத்துப் பனியில் அப்படி நிற்பது லேசல்ல. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நெருப்பு மூட்டி, கங்குகளை ஒதுக்கிவிட்டு, ஆறிவரும் சாம்பலை நிற்கும் இடத்தில் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போடுவார்கள். சூடு பதமா என்று நிற்பவர்தான் காலை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நிற்கப் போகிறவரின் கால் சொல்வதே அளவு. வேறு யாரும் கை வைப்பதில்லை.

வனத்துறை கண்டிப்பானதும் வேட்டை நின்றது. ஆனால் ஊர் சடங்கை விடவில்லை. முயலுக்குப் பதில், சுண்ணாம்பால் இரண்டு கண் வைத்த பூசணிக்காயைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். பூசணிக்காய்க்குக் காது கிடையாது. ஆனாலும் வலைமுனையில் நிற்பவர் அசையக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. வேட்டை பாவனையாகிவிட்டது. குளிர் மட்டும் பாவனையாகவில்லை.

ஐப்பசி மழையில் ராஜாம்பாள் அவரைக் கள்ளக்குறிச்சிக்கு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். இளவயது டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஓர் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டார்.

"தொடும்போது சொல்லுங்க ஐயா."

முனியன் காத்திருந்தார். டாக்டரம்மா ஆறு இடங்களில் தொட்டு முடித்துவிட்டார்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றார் முனியன்.

சர்க்கரை ஏறி நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டரம்மா. கால் சூடாகவே இருக்கிறது, குளிர்வதாக நரம்பு தப்பாகச் சொல்கிறது. நெருப்பருகே போகக் கூடாது. வெறுங்காலோடு வாசலுக்குக்கூட இறங்கக் கூடாது. மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் முனியன் தன் பாதத்தைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்: "என் காலு எங்கிட்டயே எதுக்குடி பொய் சொல்லணும்?"

பொங்கல் நெருங்கியது. ராஜாம்பாளின் தம்பி பழனி வீட்டுக்கு வந்தான்.

"மாமா, இந்த வருசம் நான் நிக்கறேன். நீ வூட்ல படுத்துக்கினு டிவி பாரு."

"நீ நிப்ப. மொயலு வந்தா?"

"மொயலு வந்தா ஜெயிலுதான் மாமா. பூசணிக்காதான வருது!"

"இன்னா வந்தா இன்னாடா? நிக்கறவன் நிக்கணும்."

ராஜாம்பாள் கெஞ்சினாள், திட்டினாள், ஒரு வேளை சோறு போடாமலும் பார்த்தாள். அந்த இடத்தை விட்டால் இந்த மனிதருக்கு வேறென்ன இருக்கிறது என்று நினைக்கும்போது அவளுக்கே குரல் இறங்கியது. போகட்டும் என்கிறோமா, வேண்டாம் என்கிறோமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. முனியன் போனார்.

சூரியன் கிளம்பும் நேரத்தில் அவள் மற்றப் பெண்களோடு பொங்கல் குண்டானைத் தூக்கிக்கொண்டு வலை கட்டிய இடத்துக்கு ஏறினாள். ஏதோ பொசுங்கும் வாடை வந்தது. முனியன் கயிற்றைப் பிடித்துச் சிலைபோல் நின்றிருந்தார். அவருடைய காலடி வைக்கோலிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. குனிந்து கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எறங்குய்யா! கால் வேவுது!"

"கத்தாதடி. மேல வுட்டுட்டாங்க, உருண்டுக்கினு வருது."

"எறங்குன்றேன்!"

"குளிருதுடி," என்றார் அவர், கெஞ்சுவதுபோல.

அவள் இரண்டு கைகளாலும் அவரைத் தள்ளினாள். கயிறு நழுவியது. பூசணிக்காய் தளர்ந்த வலைக்கு அடியில் புகுந்து கீழே பாறையில் மோதிச் சிதறியது. இத்தனை வருடத்தில் முனியன் தவறவிட்டது அது ஒன்றுதான். யாரோ சிரித்தார்கள். யாரோ "அபசகுனம்" என்றார்கள். பழனி தலையில் அடித்துக்கொண்டான்.

"நான்தான்க்கா சாம்பல போட்டேன். போதல, இன்னும் போடுன்னாரு. அவரு காலு சொல்றதுதான அளவு?"

முனியன் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை அளவுக்குத் தோல் வெளுத்து உப்பியிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல. இப்பவும் குளிருது."

அழுவதா அடிப்பதா என்று ராஜாம்பாளுக்குத் தெரியவில்லை.

நான்கு மாதம் கட்டு. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். வீட்டில் முனியன் அடிக்கடி காலை நீட்டி, "தொட்டுப் பாத்து சொல்லு" என்பார். முதலில் அவள் தயங்காமல் சொன்னாள். போகப்போக அவளுக்கும் குழம்பியது. பாத்திரம் கழுவிய கையால் தொட்டால் கால் சுட்டது. அடுப்பிலிருந்து எழுந்து வந்து தொட்டால் குளிர்ந்தது. புறங்கையால் பார்த்தாள், கன்னத்தை வைத்தும் பார்த்தாள். தன் கையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அவள் அதற்குமுன் யோசித்ததே இல்லை. அன்று தள்ளியது சரி என்பதற்குப் புண் சாட்சி. ஆனால் அந்தப் புண் அவரிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. சாட்சி சொன்னதெல்லாம் அவளிடம்தான்.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் ஊர் கூடிப் பேசியது. பழனியே எழுந்து, சாமிக்கு ஆகாதது தோல்தான், ஆஸ்பத்திரி செருப்பு ரப்பர், மாமா அதைப் போட்டுக்கொண்டு நிற்கலாம் என்று வாதாடினான். பெரியவர்கள் யோசித்துச் சம்மதித்தார்கள். முனியன் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

காணும் பொங்கலன்று செருப்போடுதான் மலையேறினார். ராஜாம்பாள் இந்த முறை முதலிலிருந்தே கூட நடந்தாள். வலை கட்டியாயிற்று. பழனி கூடையில் சாம்பல் கொண்டுவந்து, தன் கையை உள்ளே விட்டுப் பார்த்து, "பதமா இருக்குது மாமா" என்றான்.

"வேணாம்."

வைக்கோலையும் வேண்டாம் என்றார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பனி நனைத்த வெறும் பாறையில் ஏறி, கயிற்றைப் பிடித்து நின்றார். மேலே கூச்சல் எழுந்தது.

ராஜாம்பாள் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டாள்; இந்த முறை அவள் கைக்கும் அது சில்லென்று இருந்தது. "ஏன்யா?" என்றாள்.

அவர் அசையவில்லை. அன்று மாலையும் கேட்டாள், அதற்கப்புறமும் பல முறை கேட்டாள். இதுவரை அவர் சொல்லவில்லை.